சங்கராந்திக்கு பெங்களூருவில் எள்ளும் வெல்லமும் வீடு வீடாகப் போவது ஏன்? பண்டிகைத் தட்டுக்குப் பின்னால் உள்ள விதிகள் என்ன?

ஜனவரி 14 அல்லது 15. பெங்களூருவில் பசவனகுடி, மல்லேஸ்வரம், ஜெயநகர் என எந்தப் பக்கம் குடியிருந்தாலும், சாயங்காலம் காலிங் பெல் அடிக்கும். திறந்தால் பட்டுப்பாவாடையில் ஒரு சின்னப் பெண், பின்னால் அவளுடைய அம்மா. "ஆன்ட்டி, எள்ளு பெல்லா" என்று தட்டை நீட்டுவாள்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, முதல் வருஷம் இங்கே பொங்கல் வைப்பவர்களுக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். வாங்கிக்கணுமா? குழந்தை கையில் காசு கொடுக்கணுமா? பதிலுக்கு நம்ம வீட்டு சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்தால் அவங்க சாப்பிடுவாங்களா?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அக்கம்பக்கத்துக்குப் பலகாரம் கொடுப்பதை நாம் தாராள மனசு என்று நினைக்கிறோம். ஆனால் யாருக்கு என்ன கொடுக்கலாம், யாரிடமிருந்து என்ன வாங்கலாம் என்பதற்கு எழுதப்படாத விதிகள் உண்டு. அந்த விதிகளைத் தெரிந்துகொண்டால் தட்டில் இருப்பதும் இல்லாததும் புரியும்.

எள்ளு பெல்லா தட்டில் என்ன இருக்கும்?

கன்னடத்தில் 'பெல்லா' என்றால் வெல்லம். பெயரில் எள்ளும் வெல்லமும் மட்டும் இருந்தாலும் கலவையில் ஐந்து பொருள்கள் சேரும்:

• வறுத்த வெள்ளை எள்
• வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை
• பொட்டுக்கடலை
• பொடியாக நறுக்கிய கொப்பரை
• கடலை அளவுக்குச் சின்னதாக வெட்டிய வெல்லம்

கொப்பரையையும் வெல்லத்தையும் ஒரே அளவில் வெட்டுவதுதான் பெரிய வேலை. பண்டிகைக்குச் சில நாள் முன்பே வெட்டி, வெயிலில் காயவைத்து, ஈரம் போன பிறகுதான் கலப்பார்கள். ஈரம் இருந்தால் வெல்லம் கசிந்து எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

கூடவே 'சக்கரெ அச்சு' இருக்கும். சர்க்கரைப் பாகை மர அச்சில் ஊற்றி யானை, கிளி, கோபுரம், துளசி மாடம் என்று எடுக்கும் வெள்ளை உருவங்கள் அவை. கரும்புத் துண்டு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் சேர்ந்தால் தட்டு முழுமை. வீட்டில் செய்ய நேரமில்லாதவர்கள் காந்தி பஜாரிலோ மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸிலோ கலந்த பாக்கெட்டாகவே வாங்கிவிடுகிறார்கள்.

யார் யாருக்குக் கொடுப்பார்கள்?

இந்தப் பழக்கத்துக்குக் கன்னடத்தில் 'எள்ளு பீரோது' என்று பெயர். எள்ளைப் பரப்புவது, பகிர்வது என்று பொருள். பெண்களும் சிறுமிகளும்தான் தட்டை எடுத்துக்கொண்டு போவார்கள். கொடுக்கும்போது சொல்வது: "எள்ளு பெல்லா திந்து ஒள்ளெ மாத்தாடி." எள்ளும் வெல்லமும் சாப்பிட்டு நல்லதாகப் பேசுங்கள். மகாராஷ்டிராவில் எள்ளுருண்டை கொடுக்கும்போதும் ஏறக்குறைய இதையே மராத்தியில் சொல்வார்கள். போன வருஷம் இருந்த மனஸ்தாபத்தை இதோடு விட்டுவிடுவோம் என்பது உட்பொருள். பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டுப் படியேற இது ஒரு நல்ல சாக்கு.

புதிதாகக் கல்யாணம் ஆன பெண்ணுக்குத் தனிக் கணக்கு உண்டு. முதல் ஐந்து சங்கராந்திக்கு அவள் சுமங்கலிகளுக்கு வாழைப்பழம் கொடுக்க வேண்டும். முதல் வருஷம் ஐந்து என்றால், வருஷா வருஷம் ஐந்தைந்தாகக் கூடும். புகுந்த ஊரில் யாரையும் தெரியாத மருமகள் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கித் தெருவை அறிமுகம் செய்துகொள்ள இது ஒரு வழி. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவர்களை உட்காரவைத்து, தலையில் இலந்தைப்பழம், கரும்புத் துண்டு, சில்லறைக் காசு எல்லாவற்றையும் கலந்து கொட்டுவார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓடிவந்து பொறுக்குவார்கள்.

எள்ளை வாங்கலாமா? தமிழர்களின் தயக்கம்

தமிழ் வீடுகளில் சிலர் எள்ளைக் கையில் வாங்கத் தயங்குவார்கள். காரணம் தெரிந்ததுதான். அமாவாசைத் தர்ப்பணத்துக்கு எள், சனிக்கிழமை எள் தீபம், 'எள்ளும் தண்ணியும் இறைச்சாச்சு' என்ற பேச்சு. நமக்கு எள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பித்ருக்கள்.

கன்னடத்திலும் இதே வழக்கு இருக்கிறது. 'எள்ளுநீர் விடுவது' என்று அங்கேயும் சொல்வார்கள். ஒன்றைத் தலைமுழுகிவிட்டோம் என்ற அர்த்தத்தில். ஆக, எள்ளின் அந்தப் பக்கம் கன்னடர்களுக்குத் தெரியாதது அல்ல. தண்ணீரோடு சேர்ந்த எள் இறந்தவர்களுக்கு, வெல்லத்தோடு சேர்ந்த எள் உயிரோடு இருப்பவர்களுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்ம வீட்டு எள்ளுருண்டைக்கும் அதே நியாயம்தான். அதனால் தயங்காமல் வாங்கலாம்.

பருவக் காரணமும் உண்டு. பெங்களூருவில் குளிர் அதிகம் இருக்கும் மாதங்களில் ஜனவரி ஒன்று. தோல் வறண்டு வெடிக்கும் நேரத்தில் எள், கடலை, கொப்பரை என மூன்று எண்ணெய்ச் சத்துள்ள பொருள்கள் ஒன்றாக வருகின்றன. அறுவடை முடிந்து கையில் சரக்கு இருக்கும் காலமும் அதுவே.

சமைத்த சோறு தாண்டாத வாசலை எள் தாண்டியது எப்படி?

தட்டில் தண்ணீர் விட்டு வேகவைத்த சோறு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வறுத்தது, காயவைத்தது, பழம், வெற்றிலை அவ்வளவுதான். கெட்டுப்போகாது என்பது ஒரு காரணம். சாதி இன்னொரு காரணம்.

சாதி விதிகளில் எல்லா உணவும் ஒன்று அல்ல. அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய், பழம் போன்றவற்றை யாரும் யாரிடமிருந்தும் வாங்கலாம். நெய்யிலும் பாலிலும் செய்த பலகாரத்துக்குக் கொஞ்சம் கட்டுப்பாடு. தண்ணீர் விட்டு வேகவைத்த சோற்றுக்குத்தான் பெரிய கட்டுப்பாடு. தனக்குச் சமமானவர் அல்லது தனக்கு மேல் என்று கருதப்பட்டவர் கையால் மட்டுமே அதை வாங்குவார்கள். கன்னட, தமிழ் பிராமண வீடுகளில் 'மடி' பார்ப்பது இதன் இன்னும் இறுக்கமான வடிவம்.

அமெரிக்க மானுடவியலாளர் மக்கிம் மேரியட், வட இந்திய கிராமம் ஒன்றில் எந்தச் சாதி எந்தச் சாதியிடமிருந்து எந்த உணவை வாங்குகிறது என்று அட்டவணை போட்டுப் பார்த்து 1968-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். யார் கையால் சோறு வாங்குகிறார்கள், யார் கையால் வாங்க மறுக்கிறார்கள் என்பதை வைத்தே அந்த ஊரின் சாதி அடுக்கைப் படிக்க முடியும் என்பதுதான் அதன் சாரம்.

பண்டிகைத் தட்டுக்கும் இது பொருந்தும். கொடுப்பது சுலபம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதில் கொடுப்பவரின் உயரம் குறையாது. வாங்கிச் சாப்பிடுவதில்தான் சோதனை. இரண்டு பக்கமும் போய்வரும் தட்டு பங்கு. ஒரு பக்கம் மட்டும் போகும் தட்டு தானம்.

'பாத்திரத்தைச் சும்மா திருப்பித் தரக்கூடாது' என்று நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்வதன் அர்த்தமும் இதுதான். பலகாரம் வந்த கிண்ணத்தில் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் திருப்பித் தருவார்கள். உன்னிடமிருந்து நானும், என்னிடமிருந்து நீயும் வாங்குகிறோம் என்று அந்த ஒரு கரண்டி சர்க்கரை சொல்கிறது.

வருஷம் முழுக்க வரும் தட்டுகள்

சங்கராந்தி ஒரு தொடக்கம்தான். பெங்களூருவில் வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று வாசல் தாண்டும்.

யுகாதி: வேப்பம்பூவும் வெல்லமும் சேர்ந்த 'பேவு பெல்லா'. கசப்பையும் இனிப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள் என்று பொருள். வீட்டுக்கு வருபவர்களுக்கும் ஒரு துளி உண்டு.

ராமநவமி: பானகம், நீர்மோர், கோசம்பரி (நம்ம ஊர் கோசுமல்லி). தெருமுனையில் பந்தல் போட்டு, போகிற வருகிற எல்லோருக்கும் கொடுப்பார்கள். பெங்களூருவில் ராமநவமி என்றால் சங்கீதமும் சேர்ந்தது. சாமராஜபேட்டையில் ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939-ல் தொடங்கிய கச்சேரிகள் இன்றும் நடக்கின்றன.

வரமகாலட்சுமி: அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்து மஞ்சள் குங்குமம், தாம்பூலம், ரவிக்கைத் துணி.

கௌரி பண்டிகை: விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள். மூங்கில் முறத்தில் அரிசி, துவரம்பருப்பு, வெல்லம், தேங்காய், வளையல், கண்ணாடி, சீப்பு வைத்து, இன்னொரு முறத்தால் மூடிக் கொடுக்கும் 'பாகின'. பிறந்த வீட்டிலிருந்து கல்யாணம் ஆன பெண்ணுக்குச் சீரும் இந்த நாளில் போகும்.

நவராத்திரி: தமிழ் வீட்டில் கொலு, சுண்டல். கன்னட வீட்டில் பொம்மைகளைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்குத் தின்பண்டம். அதற்கு 'கொம்பெ பாகின' என்று பெயர். இந்த ஒன்பது நாளில் யார் தமிழர், யார் கன்னடர் என்று வித்தியாசம் தெரியாமல் பிள்ளைகள் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள்.

பங்கு என்றால் சைவம் மட்டுமா?

பண்டிகைப் பகிர்வு என்றாலே இனிப்பும் சுண்டலும் என்று ஒரு படம் மனதில் இருக்கிறது. அது பாதி உண்மைதான்.

யுகாதிக்கு மறுநாள் பழைய மைசூர் பகுதியில் 'ஹொஸ தொடகு'. முதல் நாள் ஒப்பட்டு (போளி), மறுநாள் ஆட்டுக்கறி. பெங்களூருவில் அன்று விடியற்காலையிலேயே கறிக்கடைகளில் வரிசை நிற்கும். கிராமங்களில் 'குட்டெ மாம்ச' என்ற முறை உண்டு. 'குட்டெ' என்றால் குவியல். பலர் சேர்ந்து பணம் போட்டு ஆடு வாங்கி, வெட்டி, ஈரல், எலும்பு, கறி எல்லாம் எல்லோருக்கும் சமமாக வரும்படி குவியல் போட்டுப் பிரிப்பார்கள். நம்ம ஊரில் கூறு போடுவது என்று சொல்வோமே, அதேதான். பங்கு என்ற சொல்லுக்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது.

இந்தப் பண்டிகைக்கும் அரசியல் வந்தது. 2022-ல் யுகாதி நேரத்தில், ஹொஸ தொடகுக்கு ஹலால் கறி வாங்காதீர்கள் என்று கர்நாடகத்தில் சில இந்துத்துவ அமைப்புகள் பிரசாரம் செய்தன. முஸ்லிம் கடைக்காரரிடம் கறி வாங்கி இந்துப் பண்டிகை கொண்டாடுவது அதுவரை யாரும் யோசித்துப் பார்க்காத அன்றாட வழக்கம்.

மதம் தாண்டிய பங்கு இந்த நகரத்துக்குப் புதிதல்ல. பெங்களூரு கரகம் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்பட்டுப் போகும் வழியில் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று போவது வழக்கம். பக்ரீத் கறியை மூன்று பங்காக்கி ஒன்றை உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுப்பது இஸ்லாமிய வழக்கம். சைவம் சாப்பிடும் பக்கத்து வீட்டுக்குக் கறிக்குப் பதில் பழமோ சேமியா பாயசமோ அனுப்புவதும் உண்டு. எதை வாங்குவார்கள் என்று தெரிந்து கொடுப்பது அண்டை வீட்டுக்காரரின் அறிவு.

மாறாக, 'வெஜிடேரியன் மட்டும்' என்று வீட்டு வாடகை போர்டு வைக்கும்போது, யார் அண்டை வீட்டாராக வரலாம் என்பதையே சாப்பாடு தீர்மானித்துவிடுகிறது. அந்த மாடியில் எல்லாத் தட்டும் போய்வரும். ஏனென்றால் மற்றவர்கள் உள்ளேயே வரவில்லை.

யார் விடுபடுகிறார்கள்?

கணவரை இழந்த பெண்கள்: மஞ்சள் குங்குமம், தாம்பூலம், பாகின எல்லாமே சுமங்கலிக் கணக்கு. கணவர் இறந்த மறு வருஷம், அதே தெருவில் அதே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அழைப்பு வராது. நாற்பது வருஷம் தட்டு கொண்டுபோன கை அது. இப்போது சில வீடுகள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. பல வீடுகள் இன்னும் பார்க்கின்றன.

வீட்டு வேலை செய்பவர்கள்: பெங்களூருவில் வீட்டு வேலை செய்யும் பெண்களில் தமிழ்ப் பெண்கள் பலர். பண்டிகைப் பலகாரம் அவர்களுக்கும் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் மறுநாள், வேறு கவரில். அவர்கள் வீட்டுப் பொங்கலை இந்த வீட்டில் யாராவது வாங்கிச் சாப்பிடுகிறார்களா என்று கேட்டால் பங்குக்கும் தானத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

தலித் குடும்பங்கள்: 'வாங்கிப்பாங்க, ஆனா சாப்பிட மாட்டாங்க' என்பது இன்றும் கேட்கக்கூடிய அனுபவம். தட்டை முகத்துக்கு நேரே மறுப்பது குறைந்திருக்கிறது. வாங்கிவைத்துவிட்டு ஓரமாகப் போடுவது கண்ணுக்குத் தெரியாது.

இந்த வேலியை உடைக்க அரசும் முயன்றிருக்கிறது. தமிழ்நாட்டில் சுதந்திர தினத்தன்றும், அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3-லும் கோயில்களில் நடக்கும் சமபந்தி விருந்து அப்படிப்பட்டது. எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

துக்க வீட்டுக்கு மட்டும் விதி தலைகீழ். ஒரு வீட்டில் சாவு விழுந்த வருஷம் அவர்கள் பண்டிகை கொண்டாட மாட்டார்கள். பலகாரம் செய்ய மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். ஆனால் தீபாவளிக்கு அந்த வீட்டுக்குப் பலகாரம் அனுப்புவது உறவினர், அக்கம்பக்கத்தாரின் கடமையாகத் தமிழ்நாட்டில் பல இடங்களில் இருக்கிறது. 'பிள்ளைங்க இருக்கிற வீடு, வாய் இனிக்கட்டும்' என்பார்கள். பதில் தட்டு எதிர்பார்க்காத ஒரே பங்கு இது.

காவிரி பிரச்னை வரும்போது?

பெங்களூருவில் தமிழர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. 1809-ல் ஆங்கிலேயர் கன்டோன்மென்ட் அமைத்தபோது படையோடும் வியாபாரத்தோடும் வந்து அல்சூர், சிவாஜிநகர் பக்கம் குடியேறியவர்கள் பலர். கன்டோன்மென்ட்டும் பழைய நகரமும் 1949 வரை தனித்தனி நகராட்சிகளாகவே இருந்தன.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்த பிறகு, தமிழர்கள் இருந்த பகுதிகள் தாக்கப்பட்டன. 2016-ல் தண்ணீர் திறக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது செப்டம்பர் 5, விநாயகர் சதுர்த்தி அன்று. ஒரே வாரத்தில், 12-ஆம் தேதி, நகரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. சில பகுதிகளில் ஊரடங்கு போடப்பட்டது.

காவிரிக்கே ஒரு பாகின உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். கிருஷ்ணராஜ சாகர் அணை நிரம்பும்போது கர்நாடக முதல்வர் அணைக்குப் போய் முறத்தில் மங்கலப் பொருள் வைத்து ஆற்றில் விடுவார். ஆடிப்பெருக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் காவிரிக்கரையில் காதோலைக் கருகமணி, மஞ்சள் விட்டு, சித்ரான்னம் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். ஒரே ஆற்றுக்கு இரண்டு ஊர்களும் வைக்கும் சீர்.

எள்ளும் வெல்லமும் கலவரத்தை நிறுத்திவிடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கலவரம் செய்ய வருபவர்கள் பெரும்பாலும் வேறு தெருவிலிருந்து வருகிறார்கள். ஆனால் அப்படி ஒரு நாளில் எந்தக் கதவைத் தட்டலாம் என்று தெரிய, அதற்கு முன்பே அந்தக் கதவை நாலு தடவையாவது தட்டியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்குத் தட்டு வந்தால் என்ன செய்யலாம்?

• இரண்டு கையாலும் அல்லது வலது கையால் வாங்கி, அவர்கள் எதிரிலேயே கொஞ்சம் வாயில் போடுங்கள். 'வாங்கினேன்' என்பதற்கும் 'சாப்பிட்டேன்' என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

• காசு கொடுக்க வேண்டியதில்லை. வந்த பெண்ணுக்கு மஞ்சள் குங்குமம், பழம் கொடுக்கலாம்.

• பாத்திரம் விட்டுப் போனால் காலியாகத் திருப்பாதீர்கள். அன்று பொங்கல் என்பதால் சர்க்கரைப் பொங்கலே போதும். தயக்கம் இருந்தால் "நாங்க இன்னிக்கு செஞ்சது, எடுத்துப்பீங்களா?" என்று கேட்டுவிடலாம்.

• கலவையில் வேர்க்கடலையும் எள்ளும் இருக்கும். இரண்டுமே சிலருக்கு ஒவ்வாமை தரும். சின்னக் குழந்தைக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கலாம். நீங்கள் கொடுப்பவராக இருந்தால் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

• உங்கள் மாடியில் தட்டு போகாத கதவு எது என்று பாருங்கள். தனியாக இருக்கும் பாட்டி, பேச்சுலர் பசங்க, செக்யூரிட்டி அண்ணா, துக்கம் நடந்த வீடு. இந்த வருஷம் அங்கிருந்து தொடங்கலாம். அவர்கள் பதிலுக்கு எதையாவது நீட்டினால், அதை அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.